வேட்பாளரை எதைக் கொண்டு ஒப்பிடுவது?
வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத் தேர்தல்களில் சமூகப் பிரச்சினைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. ஒப்பீட்டின் பொருள்

தேர்தலில் நிற்பவர்களை இரு வகைப் பிரச்சினைகளில் ஒப்பிடலாம். சாலை, குடிநீர், மின்சாரம், வேலைவாய்ப்பு போன்றவை முதல் வகை. இவற்றில் எல்லா வேட்பாளர்களும் ஒரே இலக்கைத்தான் சொல்வார்கள். யார் செய்து முடிப்பார் என்பதில் மட்டுமே வேறுபாடு. மது, மணமுறிவு, மதமாற்றம், உணவு, இட ஒதுக்கீடு, மயான உரிமை, பெண்களின் பங்கு, திருநங்கையர் உரிமை ஆகியவை இரண்டாம் வகை. இவற்றில் இலக்கே வேறுபடும். எப்படி வாழ்வது சரி, யாரை யாருக்குச் சமமாக வைப்பது என்பவை இங்கே எழும் கேள்விகள். சமூக மதிப்புகள் சார்ந்த பிரச்சினைகள் என்று சொல்லப்படுபவை இவையே.

இந்தப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கருக்கலைப்பும் துப்பாக்கி உரிமையும் முன்னிற்கின்றன. 1990-களில் அங்குள்ள கிறித்தவக் கூட்டணி அமைப்பு, இவற்றில் வேட்பாளர்களை அருகருகே நிறுத்திக் காட்டும் கையேடுகளைத் தேவாலயங்கள் வழியே பரப்பியது. 1920-இல் தோன்றிய பெண் வாக்காளர் கழகம் கட்சி சாராமல், எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு விடைகளை அப்படியே வெளியிடும் முறையை வளர்த்தது. ஜெர்மனியில் 2002 முதல் வழங்கும் 'வால்-ஓ-மாட்' என்னும் இணையக் கருவி, வாக்காளரின் கருத்தைக் கட்சிகளின் நிலைப்பாட்டோடு பொருத்திக் காட்டுகிறது. இந்தியாவிலோ கருக்கலைப்பு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கட்சிகளைப் பிரிக்கும் பிரச்சினையாக அது வளரவில்லை. வெளிநாட்டு வினாத்தாளை வைத்துக்கொண்டு வாணியம்பாடி வேட்பாளரை அளக்க முடியாது. வினாக்கள் வட்டாரத்திலிருந்தே எழ வேண்டும்.

எல்லாரும் ஒத்துப்போகும் பிரச்சினையும் ஒப்பீட்டுக்கு உதவாது. வேலூர், திருப்பத்தூர் மாவட்டக் கிராமங்களில் தை மாதத்தில் நடக்கும் மாடு விடும் விழா இதற்குச் சான்று. விலங்குவதை பற்றிய கருத்து வேறுபாடு சமூகத்தில் உண்டு. ஆனால் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியபின், அதில் கட்சிகளைப் பிரித்தறிய எதுவும் எஞ்சவில்லை. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. வேட்பாளர்கள் உண்மையில் பிரிந்து நிற்கும் இடங்களைக் கண்டறிவதே முதல் வேலை.

2. வட்டாரமும் வாக்காளரும்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று நீண்டு, பேரணாம்பட்டையும் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பகுதி பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்கள் பிரிந்தன. 2011 கணக்கெடுப்பின்படி ஆம்பூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,14,608, வாணியம்பாடியினுடையது 95,061. இரு நகரங்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் முஸ்லிம்கள்.

தோல் வணிகமும், தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்களிடம் வளர்ந்தன. சுண்ணாம்புக் குழியிலும் ஊறல் தொட்டியிலும் செய்யும் ஈர வேலை நெடுங்காலமாகப் பட்டியல் சாதித் தொழிலாளர்களின் மீதே விழுந்தது. ஏற்றுமதிக்கான ஷூ கம்பெனிகள் பெருகியபின் சுற்றுக் கிராமப் பெண்கள் பெருந்தொகையாகத் தொழிலாளர்களாயினர். சுற்றியுள்ள வேளாண் கிராமங்களில் வன்னியர்கள் எண்ணிக்கையில் மிகுதி. அண்மைக் காலத்தில் வடமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்துள்ளனர். இங்கே உழைத்தாலும் இவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு இல்லை.

கூட்டணிகள் மாறிக்கொண்டே இருக்கும் நிலம் இது. வேலூர் மக்களவைத் தொகுதியில் 1980-இல் முஸ்லிம் லீகின் ஏ. கே. ஏ. அப்துல் சமது வென்றார். 1998, 1999 தேர்தல்களில் பாட்டாளி மக்கள் கட்சியின் என். டி. சண்முகமும், 2004-இல் முஸ்லிம் லீகின் கே. எம். காதர் மொகிதீனும் வென்றனர். ஆம்பூர் சட்டமன்றத் தொகுதியில் 2011-இல் மனிதநேய மக்கள் கட்சியின் அஸ்லம் பாஷா அ.தி.மு.க. கூட்டணியில் நின்று வென்றார். 2016-இல் அதே கட்சி தி.மு.க. அணியில் இருந்தது. ஒரு சமூகத்தின் பெயர் தாங்கிய கட்சி எந்த அணியில் இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு, அதன் வேட்பாளர் ஒரு பிரச்சினையில் எப்படி நடந்துகொள்வார் என்று இங்கே கணிக்க முடியாது.

3. பதவியும் அதிகாரமும்

ஒரு வேட்பாளரின் கருத்தைக் கேட்குமுன், அவர் நாடும் பதவிக்கு அந்தப் பொருளில் அதிகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். அரசமைப்பின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களைப் பகுத்துள்ளது. குடியுரிமை ஒன்றியப் பட்டியலில் உள்ளது. திருமணமும் மணமுறிவும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் உள்ளன. மதுவும், கால்நடைப் பாதுகாப்பும், இடுகாடு சுடுகாடுகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் உள்ளன. நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பது 9-ஆம் இனம். இடுகாடு, சுடுகாடுகள் 14-ஆம் இனம். இறைச்சிக் கூடங்களையும் தோல் பதனிடும் தொழிற்கூடங்களையும் ஒழுங்குபடுத்துவது 18-ஆம் இனம். நாடெங்கும் உள்ள நகராட்சிகளுக்காக எழுதப்பட்ட பட்டியலின் கடைசி வரி, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அன்றாட வேலையாகிறது. எந்த அளவுக்கு அதிகாரத்தை உண்மையில் ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. ஆகவே உள்ளாட்சிக்கு எவ்வளவு அதிகாரம் தரவேண்டும் என்பதே சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று.

இந்தப் பகுப்பை வைத்து அண்மைத் தேர்தல்களைப் பார்த்தால் ஒரு முரண்பாடு தெரியும். மேடையில் ஓங்கி ஒலித்த சமூகப் பிரச்சினைகள் பலவற்றை, நின்ற வேட்பாளரின் பதவி தனித்துத் தீர்மானிக்க முடியாது. அவருடைய பதவியோ அதற்குக் கீழுள்ள பதவியோ தீர்மானிக்கக்கூடியவை மேடைக்கே வரவில்லை.

4. வேலூர், 2019 ஆகஸ்டு

2019 ஏப்ரல் 18-இல் நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தல், வருமான வரித் துறைச் சோதனைகளில் பெருந்தொகை பிடிபட்டதை அடுத்து, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி ஏப்ரல் 16-இல் ரத்தானது. ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் திட்டமிட்டபடி நடந்தன. மக்களவைக்கான வாக்குப்பதிவு ஆகஸ்டு 5-க்குத் தள்ளிப்போனது.

இந்தத் தள்ளிவைப்பு ஓர் அரிய சூழலை உருவாக்கியது. பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே முத்தலாக் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. உடனடி முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 22-இல் தீர்ப்பளித்திருந்தது. அவ்வாறு சொல்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை என்பது மசோதாவின் புதுக்கூறு. ஜூலை 25-இல் மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினரான தேனி ரவீந்திரநாத் அதை ஆதரித்தார். ஜூலை 30-இல் மாநிலங்களவையில் அதே கட்சியினர் எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தனர். தி.மு.க. இரு அவைகளிலும் எதிர்த்தது. வாக்குப்பதிவு நாளான ஆகஸ்டு 5 அன்றே காஷ்மீரின் சிறப்பு நிலையை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதை அ.தி.மு.க. ஆதரித்தது, தி.மு.க. எதிர்த்தது.

ஆகஸ்டு 9-இல் வந்த முடிவில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில், அ.தி.மு.க. சின்னத்தில் நின்ற ஏ. சி. சண்முகத்தை வென்றார். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பகுதிகள் தி.மு.க.வுக்கும், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பகுதிகள் அ.தி.மு.க.வுக்கும் கூடுதல் வாக்குத் தந்தன. முஸ்லிம்கள் செறிந்த நகரங்களும் பிற கிராமப்புறங்களும் வேறு வேறு திசையில் சென்றன என்பதை இந்தப் பிரிவு காட்டுகிறது. முத்தலாக்தான் காரணம் என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. சாதிக் கணக்கு, கூட்டணி, மாநில ஆட்சி மீதான மனநிலை எல்லாம் அதில் கலந்துள்ளன.

ஒப்பீட்டுக்கு இத்தேர்தல் தரும் பாடம் வேறு. ஒரு கட்சியின் இரு அவை உறுப்பினர்கள் ஐந்து நாள் இடைவெளியில் ஒரே மசோதாவில் இரு வகையாக நடந்தனர். மேடைப் பேச்சை மட்டும் குறித்துக்கொண்டவருக்கு இது தெரிந்திருக்காது. அவைக் குறிப்பைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

5. கட்சி, சின்னம், ஆள்

ஏ. சி. சண்முகம் புதிய நீதிக் கட்சியின் தலைவர். வேலூரில் அவர் 2014-இல் தாமரைச் சின்னத்திலும், 2019-இல் இரட்டை இலையிலும், 2024-இல் மீண்டும் தாமரையிலும் நின்றார். 1984-இல் இதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்றவரும் அவரே. ஆள் ஒருவர், சின்னம் மாறியது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வாக்களிப்பைக் கட்சிக் கொறடா நெறிப்படுத்துகிறார். 1985-இல் வந்த பத்தாம் அட்டவணை, கொறடா உத்தரவை மீறுபவரின் பதவியைப் பறிக்க வழிசெய்கிறது. ஆகவே இவ்விரு அவைகளுக்கும் நிற்பவரை ஒப்பிடும்போது சொந்தக் கருத்தைவிடச் சின்னத்துக்குரிய கட்சியின் கடந்தகால வாக்கு கனமானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016-இல் வாணியம்பாடியில் வென்ற அ.தி.மு.க.வின் நிலோபர் கபில், தொழிலாளர் நலத் துறை அமைச்சராகப் பணியாற்றினார். தோல் தொழிலாளர் நிறைந்த தொகுதியிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் அத்துறையை ஏற்றது பிரதிநிதித்துவ அளவில் முக்கியமானது. அதே காலத்தில்தான் அவருடைய கட்சி மத்தியில் முத்தலாக், குடியுரிமைத் திருத்த மசோதாக்களைச் சந்தித்தது. 2019 டிசம்பர் 11-இல் மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்தம் நிறைவேற அ.தி.மு.க.வின் வாக்குகளும் உதவின. 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அச்சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவதாக வாக்குறுதி தந்தது. அந்தத் தேர்தலில் வாணியம்பாடி மீண்டும் அ.தி.மு.க.வையே தேர்ந்தது; ஆம்பூர் தி.மு.க.வைத் தேர்ந்தது.

வாக்கும் வாக்குறுதியும் எதிரெதிராக நிற்கும்போது எதை எடுப்பது? வாக்கு நடந்து முடிந்தது, சட்டமாக விளைந்தது. வாக்குறுதி இனி நடக்க வேண்டியது. குடியுரிமையில் மாநிலச் சட்டமன்றம் செய்யக்கூடியது தீர்மானம் போடுவது மட்டுமே. 2021 செப்டம்பர் 8-இல் புதிய தி.மு.க. அரசு அத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியது. அதனால் சட்டம் மாறிவிடவில்லை. அரசின் நிலைப்பாடு பதிவானது. ஒப்பீட்டில் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

6. சட்டமன்றத்தின் கையில் உள்ளவை

மது முழுக்க மாநிலத்தின் பொருள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939-இல் வட ஆர்க்காட்டுக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் மு. கருணாநிதி அரசு தளர்த்தி 1974-இல் திரும்பக் கொண்டுவந்தது, 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் தளர்த்தியது. 1983-இல் உருவான டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்வசம் வைத்துள்ளது. 2016 தேர்தலில் தி.மு.க. முழு மதுவிலக்குக்கும் அ.தி.மு.க. படிப்படியான மதுவிலக்குக்கும் வாக்குறுதி தந்தன. வென்ற ஜெயலலிதா பதவியேற்றவுடன் 500 கடைகளை மூட உத்தரவிட்டார். 2023 ஜூனில் தி.மு.க. அரசும் 500 கடைகளை மூடியது. இரு பெரிய கட்சிகளும் வாக்குறுதி தந்ததைவிடச் செய்தது குறைவு.

இந்த வட்டாரத்தில் மதுக்கடைப் பிரச்சினையைக் கூர்மையாக்கியது நெடுஞ்சாலை. சென்னை–பெங்களூரு சாலை இந்நகரங்களை ஒட்டிச் செல்கிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 20,000-க்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட இடங்களுக்கு இது பின்னர் 220 மீட்டராகக் குறைந்தது. சாலையோரக் கடைகளைக் குடியிருப்புகளுக்கு அருகே மாற்றும் முயற்சிகள் 2017-இல் தமிழகமெங்கும் பெண்களின் போராட்டங்களைக் கிளப்பின. கிராம சபைகள் கடை வேண்டாமென்று தீர்மானம் போட்டன. ஆனால் கடை உரிமம் மாநிலத்திடம் உள்ளது. "மதுவை எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டால் எந்த வேட்பாளரும் ஆம் என்பார். கிராம சபைத் தீர்மானம் கடையைக் கட்டுப்படுத்தச் சட்டம் திருத்துவீர்களா, டாஸ்மாக் வருவாய்க்கு மாற்று என்ன என்று கேட்டால்தான் விடைகள் பிரியும்.

இட ஒதுக்கீடும் இப்படியே. 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு, 2009-இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு, 2021 பிப்ரவரி 26-இல் வன்னியர்க்கு 10.5 விழுக்காடு என்று வந்த மூன்று உள் ஒதுக்கீடுகளும் இவ்வட்டாரத்தின் மூன்று பெரும் பிரிவினரைத் தொட்டன. மூன்றாவதை 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு பிரிவினரின் கூட்டத்தில் அவர்களுக்கான ஒதுக்கீட்டை ஆதரிப்பது எளிது. மூன்று ஒதுக்கீடுகளையும் ஒரே அளவுகோலில் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்பதே வேட்பாளரின் மதிப்பைக் காட்டும்.

வாக்காளரின் தீர்ப்பு சட்டத்தை மாற்றியதற்கும் சான்று உண்டு. 2002 அக்டோபரில் அ.தி.மு.க. அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் 39 இடங்களையும் இழந்தபின் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. தொழிலாளர் சட்டத்திலும் அரசு இப்படிப் பின்வாங்கியது. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடமளிக்கும் மசோதா 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு, வீட்டையும் வேலையையும் பிரிக்கும் அந்த நேரமே பெரிய சமூகப் பிரச்சினை. ஏப்ரல் 21 அன்று தொகுதி உறுப்பினர் எங்கே இருந்தார், என்ன சொன்னார் என்பது அவைக் குறிப்பில் உள்ளது.

7. மாடும் பிரியாணியும்

தோலுக்கு மூலப்பொருள் மாடும் ஆடும். மாட்டுச் சந்தையில் இறைச்சிக்காக விற்பதைத் தடுத்த மத்திய அரசின் 2017 மே விதிகள் தோல் தொழிலையும் பாதிக்கக்கூடியவையாக இருந்தன. அவற்றை மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஒரே வாரத்தில் நிறுத்திவைத்தது. கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பொருள் என்பதால், 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பற்றிய வேட்பாளரின் நிலைப்பாடு பொருள் உள்ள கேள்வி.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. பட்டியல் சாதியினர், முஸ்லிம்கள் உண்ணும் உணவை ஒதுக்குவது பாகுபாடு என்று கூறி, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. யாருடைய உணவு பொது மேடைக்கு உரியது என்பதைத் தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரி ஒருவர் தீர்மானிக்க நேர்ந்தது. அவ்வேளையில் சட்டமன்ற உறுப்பினரும் நகராட்சி மன்றமும் என்ன நிலை எடுத்தனர் என்பது அடுத்த தேர்தலுக்கான ஒப்பீட்டுத் தரவு.

8. ஊராட்சியும் வார்டும்

2019 ஆகஸ்டு 17-இல், தேர்தல் முடிவு வந்து எட்டு நாட்களில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மயானத்துக்குச் செல்லும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தால் அடைபட்டிருந்தது. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாதிக்கொரு மயானம் என்று அரசே பிரித்து வைப்பதைக் கேள்வி கேட்டது.

சில நாட்களுக்கு முன்வரை தொகுதியில் பேசப்பட்டவை முத்தலாக், காஷ்மீர். மயானப் பாதையோ வருவாய்த் துறையும் ஊராட்சியும் சேர்ந்து தீர்க்கக்கூடிய பொருள். அந்நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தமிழகத்தின் உள்ளாட்சிகள் தனி அலுவலர் வசம் சென்றன. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கிராமங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலும், நகரங்களில் 2022 பிப்ரவரி 19-இலுமே தேர்தல் நடந்தது. சமூகப் பிரச்சினைக்கு மிக அருகில் உள்ள பதவிகள் ஐந்தாண்டு காலியாக இருந்தன. உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவாரா என்பதையும் சட்டமன்ற வேட்பாளரின் சமூக மதிப்பில் சேர்க்க வேண்டிய காரணம் இதுவே.

2021 தேர்தலிலும் சாதி வெளிப்பட்டது. ஆம்பூரை அடுத்த மாதனூர் ஒன்றியத்தின் நாயக்கனேரி மலை ஊராட்சியில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரார் அதை எதிர்த்துத் தேர்தலைப் புறக்கணித்தனர். மனுச் செய்த ஒரே பெண் போட்டியின்றித் தேர்வானார். ஒதுக்கீட்டுக்கு எதிரான வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றதால் அவரால் பதவியேற்க முடியவில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் நடந்ததன் சாயல் இதில் உள்ளது. அங்கே 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. போட்டியே இல்லாத இத்தகைய இடத்தில் வேட்பாளரை ஒப்பிட முடியாது; ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் உள்ள கட்சிகள் அந்தப் பதவிக்குத் துணை நின்றனவா என்பதையே ஒப்பிட முடியும்.

எதிர்த் திசையிலும் சான்று உண்டு. 2022-இல் வேலூர் மாநகராட்சியின் 37-ஆம் வார்டில் தி.மு.க. நிறுத்திய திருநங்கை கங்கா வென்றார். திருநங்கையர் நல வாரியத்தை 2008-இலேயே அமைத்த மாநிலத்தில், வாக்கு வழியே வந்த இடம் அது. 60 வார்டு கொண்ட அம்மாநகராட்சியில் மேயர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2016-இல் வந்த திருத்தம் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு உரியதாக்கியுள்ளது. ஒதுக்கீட்டால் இடம் கிடைப்பதும், ஒதுக்கீடு இல்லாத பிரிவைச் சேர்ந்தவரைக் கட்சி தானே நிறுத்துவதும் வேறு வேறு. பின்னது கட்சியின் மதிப்பை நேராகக் காட்டும்.

9. ஆறும் தொட்டியும்

மாசு வழக்கமாகச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்றே வகைப்படும். தோல் வட்டாரத்தில் அது யாருடைய கிணறு, யாருடைய உடல் என்ற கேள்வியாகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு குறித்து இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். இங்கே வாக்கில்லாத அவர்களுக்காக எந்த வேட்பாளர் பேசினார் என்பது வாக்கு எண்ணிக்கையில் தெரியாது. தொட்டிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு நேரடிப் பொறுப்பைத் தருகிறது. ஆகவே வார்டு வேட்பாளரிடமும் இதைக் கேட்கலாம்.

முதலாளியும் தொழிலாளியும் குடியானவரும் ஒரே தொகுதியில் இருப்பதால், வேட்பாளர்கள் வேலையையும் ஆற்றையும் ஒருசேரக் காப்பதாகச் சொல்வது இயல்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையச் செலவில் அரசின் பங்கு எவ்வளவு, மீறிய ஆலையை மூடும்போது தொழிலாளியின் கூலிக்கு யார் பொறுப்பு என்ற இரு வினாக்களில் அவர்கள் பிரிவார்கள்.

10. ஒப்பிடும் முறை

சட்டம் வாக்காளருக்குத் தரும் ஆவணங்கள் குறைவு. 2002, 2003 தீர்ப்புகளின் பயனாக வந்த படிவம் 26 பிரமாணப் பத்திரம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றைச் சொல்லும். சமூகக் கருத்தைச் சொல்லாது. குற்ற வழக்குகளை நாளிதழில் விளம்பரப்படுத்த 2018-இலும், அத்தகையவரைத் தேர்ந்த காரணத்தைக் கட்சிகள் வெளியிட 2020-இலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வழக்குகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவோ, பெண்களுக்கு எதிரான குற்றப் பிரிவோ உள்ளதா என்று பார்ப்பது பிரமாணப் பத்திரத்திலிருந்து சமூக மதிப்பை அறியும் ஒரு வழி. வழக்கு என்பது தீர்ப்பு ஆகாது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதம், சாதி, இனம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளருடையது மட்டுமன்றி வாக்காளருடைய மதமும் சாதியும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வேட்பாளர் எந்தச் சாதி என்ற அட்டவணை ஒப்பீடாகாது. சாதி தொடர்பான கொள்கையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதே ஒப்பீடு.

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து ஆறு நெறிகள் கிடைக்கின்றன.

முதலாவது, பதவியின் அதிகாரத்துக்குள் வரும் வினாவே முதல் வினா. வார்டு வேட்பாளரிடம் மயானம், இறைச்சிக் கூடம், துப்புரவு; சட்டமன்ற வேட்பாளரிடம் மது, ஒதுக்கீடு, வேலை நேரம், உள்ளாட்சி அதிகாரம்; நாடாளுமன்ற வேட்பாளரிடம் குடியுரிமை, மணச் சட்டம்.

இரண்டாவது, செயலுக்கு முதலிடம். எழுதிய வாக்குறுதிக்கு அடுத்த இடம். மேடைப் பேச்சுக்குக் கடைசி இடம். இதுவரை பதவி வகிக்காதவருக்கு அவர் கலந்துகொண்ட போராட்டமும் கையெழுத்திட்ட மனுவும் செயலாகக் கொள்ளத்தக்கவை.

மூன்றாவது, அவைகளுக்கு நிற்பவரிடம் கட்சியின் பதிவையும், ஊராட்சித் தலைவருக்கு நிற்பவரிடம் ஆளின் பதிவையும் முதன்மையாகக் கொள்வது. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால், அங்கே ஒளிந்துகொள்ளக் கட்சி இல்லை. துணைக்கும் கட்சி இல்லை.

நான்காவது, எல்லாருக்கும் ஒரே வினா, ஒரே சொற்கள், ஒரே காலக்கெடு. விடை தராதவரின் கட்டத்தில் 'விடை தரவில்லை' என்று மட்டும் எழுத வேண்டும், ஊகம் கூடாது.

ஐந்தாவது, ஆம்–இல்லை வினாவோடு நிறுத்தாமல், அந்த நிலைப்பாட்டுக்கு யார் விலை கொடுப்பார் என்ற வினாவையும் சேர்ப்பது. மதுக்கடை வருவாய், ஆலை மூடலால் போகும் கூலி, ஒதுக்கீட்டில் குறையும் பிறர் பங்கு ஆகியவை அத்தகையவை.

ஆறாவது, வாக்கில்லாதவரைத் தொடும் ஒரு வினாவேனும் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர், சிறார், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வேறு தொகுதியில் வாழ்பவர் ஆகியோரைப் பற்றிய விடையில் வாக்குக் கணக்கின் கலப்பு குறைவு.

இவ்வாறு தொகுத்த ஒப்பீடு யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்லாது. ஒரே அட்டவணையைப் பார்த்து ஆம்பூர் வணிகர் ஒருவரையும், நாராயணபுரத்துத் தொழிலாளி வேறொருவரையும் தேரலாம். இருவரும் மதிப்புகளில் வேறுபடுகிறார்கள். அந்த வேறுபாட்டைத் தீர்க்கத்தான் தேர்தல். வேட்பாளரின் பதவி தீர்மானிக்கக்கூடிய பொருளில், அவர் செய்ததை அறிந்தபின் இருவரும் வாக்களிக்கும்படி செய்வதே ஒப்பீட்டின் பணி. அதற்கான தரவு அவைக் குறிப்பிலும், நகராட்சி மன்றத் தீர்மானப் பதிவேட்டிலும், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்திலும் பொது ஆவணமாக உள்ளது.